வெளியேறச் சொன்னால் வெளியேறிவிடுகிறோமா? ரொறன்ரோவில் வாடகை வீடும் எங்கள் மௌனமும்

ஒன்ராறியோ சட்டமன்றம் 2025 நவம்பரில் 60ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. வீடுகளை விரைவாகக் கட்டுவதற்கான சட்டம் என்ற பெயரில் வந்த அந்த மூலத்தில் வீதிகள், சைக்கிள் பாதைகள், நிலத் திட்டமிடல் எனப் பல விடயங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே வாடகை வீடுகளில் வாழ்பவர்களைப் பற்றிய சில பிரிவுகளும் இருந்தன. எங்கள் வானொலிகளிலும் பத்திரிகைகளிலும் அந்தப் பிரிவுகள் பெரிதாகப் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும்.

வாடகை கட்டத் தவறியவருக்கு இதுவரை 14 நாள் அவகாசம் இருந்தது. அதை 7 நாளாகக் குறைக்க இந்தச் சட்டம் வழிசெய்கிறது. தீர்ப்பாயத்தின் முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்க இருந்த 30 நாளும் 15 நாளாகக் குறைகிறது. வாடகைப் பாக்கி வழக்கில், ‘வீட்டில் ஹீற்றர் வேலை செய்யவில்லை, கூரை ஒழுகுகிறது’ என்று தன் முறைப்பாட்டையும் சேர்த்துச் சொல்ல விரும்பும் குடியிருப்பாளர், கோரப்படும் பாக்கியில் பாதியை முதலில் கட்டவேண்டி வருகிறது. சொந்தத் தேவைக்காக வீட்டைத் திருப்பிக் கேட்கும் உரிமையாளர் 120 நாள் அறிவித்தல் கொடுத்தால், ஒரு மாத வாடகையை இழப்பீடாகக் கொடுக்க வேண்டிய கடமையிலிருந்து விடுபடுகிறார். எந்த மாற்றம் எந்த நாளில் நடைமுறைக்கு வருகிறது என்பதைத் தீர்ப்பாயத்தின் அப்போதைய படிவங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் போகும் திசை தெளிவு. குடும்பங்களுக்குக் கிடைக்கும் நாட்கள் குறைகின்றன.

அரசாங்கம் இதற்குக் காரணம் சொல்லாமல் இல்லை. ஒன்ராறியோவின் மக்கள் குறைகேள் அதிகாரி 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, இத்தீர்ப்பாயத்தில் 38,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்ததாகச் சொன்னது. வாடகை வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த சிறிய வீட்டுக்காரர்களும் உண்டு. நியாயம் கேட்டு அதைவிட நீண்ட காலம் காத்திருந்த குடியிருப்பாளர்களும் உண்டு. எங்கள் சமூகத்தில் இந்த இரு தரப்பாரும் இருக்கிறார்கள். ஒரே கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. எம்மவர்களில் பலர் தீர்ப்பாயத்தின் கட்டளையால் வீட்டை இழப்பதில்லை. அதற்கு வெகு முன்னரே, கடிதம் வந்த நாளுக்கும் கட்டளை வரக்கூடிய நாளுக்கும் இடையில், யாரிடமும் சொல்லாமல் தாங்களாகவே வெளியேறிவிடுகிறார்கள். அந்த நாட்கள்தான் குடும்பத்தின் சொத்து. சட்டம் அவற்றைக் குறைத்துக்கொண்டு வரும்போது, மிஞ்சியிருப்பவற்றையும் மௌனத்தில் செலவழிக்க எங்களால் இயலாது.

பழகிப்போன வெளியேற்றம்

‘போ’ என்று சொன்னால் போய்விடுவது எங்களுக்குப் பழக்கமான ஒன்று. 1977இலும் 1983இலும் தென்னிலங்கையிலிருந்து கப்பலேறினோம். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம் மக்கள், எங்கள் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களால், மிகக் குறுகிய அவகாசத்தில் விரட்டப்பட்டதையும் பார்த்தோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் நடந்தது. வன்னியில் 2008இலும் 2009இலும் ஒரே குடும்பம் பத்துத் தடவைக்கு மேல் இடம்பெயர்ந்த கதைகள் உண்டு. அந்த நேரங்களில் நின்று கேள்வி கேட்டவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புறப்படுவதே அறிவாக இருந்தது.

அந்த அறிவு இங்கே எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. கதவின் கீழ் ஒரு தாள் கிடக்கிறது. அதில் ‘குடியிருப்பை முடிவுறுத்தும் அறிவித்தல்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஒரு திகதியும் இருக்கிறது. அந்தத் திகதிக்குள் வெளியேறாவிட்டால் பொலிஸ் வரும், பெயர் கெடும், குடிவரவு விண்ணப்பம் பாதிக்கும் என்று பயம் பிடிக்கிறது. வாடகைப் பாக்கி வழக்கு ஒரு குடிசார் விடயம். அது குற்றவியல் வழக்கு அல்ல. ஆனாலும், அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு அரச முத்திரை போல் தெரியும் எந்தக் கடிதமும் நெஞ்சை அடைக்கும்.

இதற்கு மேல் மானம். வாடகை கட்ட முடியவில்லை என்று அண்ணனிடம்கூடச் சொல்வதில்லை. சீட்டு எடுத்து ஒரு மாதம் கட்டுவார்கள். கடனட்டையில் எடுத்து அடுத்த மாதம் கட்டுவார்கள். அதன் பின்னர் வீட்டுக்காரரின் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் விடுவார்கள். உதவி கேட்பதற்கு நல்ல நாட்கள் எல்லாம் இப்படியே கழிந்துபோகும்.

கடிதம் வேறு, கட்டளை வேறு

ஒன்ராறியோவில் வாடகை வீடுகளுக்கான அடிப்படைச் சட்டம் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். அதன் கீழ் வரும் வழக்குகளை ‘லான்ட்லோர்ட் அன்ட் ரெனன்ற் போர்ட்’ எனப்படும் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. வீட்டுக்காரர் தரும் அறிவித்தல் இந்தப் பாதையின் முதற்படி மட்டுமே.

வாடகை கட்டாததற்குத் தரப்படுவது என்-4 படிவம். வீட்டுக்காரர் அல்லது அவருடைய நெருங்கிய குடும்பத்தினர் குடிவருவதற்குத் தரப்படுவது என்-12. இடித்துக் கட்டுவதற்கும் பெரிய திருத்தவேலைக்கும் தரப்படுவது என்-13. இவற்றில் எது வந்தாலும், அதிலுள்ள திகதியில் நீங்கள் வெளியேற வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தத் திகதி கடந்தபின் வீட்டுக்காரர் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே அதன் பொருள். என்-12, என்-13 என்றால் திகதிக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தால் விசாரணைத் திகதி வரும். விசாரணையில் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். தீர்ப்பாயம் வெளியேற்றக் கட்டளை இட்டாலும், அதை நிறைவேற்றும் அதிகாரம் நீதிமன்ற அதிகாரியான ஷெரிப்புக்கு மட்டுமே உண்டு. வீட்டுக்காரரோ, அவருடைய மச்சானோ, பொலிஸோ பூட்டை மாற்ற முடியாது. ஷெரிப் வந்து பூட்டை மாற்றிய பின்னரும் பொருட்களை எடுக்க 72 மணிநேரம் உண்டு.

என்-4 வந்தவர் அதிலுள்ள திகதிக்குள் பாக்கியைக் கட்டினால் அந்த அறிவித்தல் செல்லாது. திகதி கடந்து வீட்டுக்காரர் விண்ணப்பித்த பின்னரும், பாக்கியையும் விண்ணப்பக் கட்டணத்தையும் கட்டினால் வழக்கு நின்றுவிடும். கட்டளை வந்த பின்னர்கூட, ஷெரிப் வருவதற்கு முன் முழுத் தொகையையும் கட்டிக் கட்டளையை நீக்கும்படி கேட்க, ஒரு குடியிருப்புக் காலத்தில் ஒருமுறை இடமுண்டு. இவ்வளவு கதவுகள் திறந்திருக்க, முதற் கடிதத்திலேயே பெட்டி கட்டுவது ஏன்?

விசாரணைக்குப் போகாமல் விடுவது இன்னொரு பெரிய தவறு. இப்போது விசாரணைகள் பெரும்பாலும் காணொளி வழியாகவே நடக்கின்றன. ஆள் வராவிட்டால் வீட்டுக்காரர் சொல்வதை வைத்தே கட்டளை இடப்படும். வந்தால், சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் இரு தரப்புச் சூழ்நிலையையும் பார்க்கக் கடமைப்பட்டது. சிறு பிள்ளைகள், நோய், வேலை இழப்பு, பள்ளி ஆண்டின் நடுப்பகுதி என்பவற்றைக் கருதி வெளியேற்றத்தை மறுக்கலாம், பிற்போடலாம், தவணைக் கட்டணத்துக்கு ஒழுங்கு செய்யலாம்.

தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும்போது எங்கள் ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானத்துக்குப் பயந்து, கட்ட முடியாத தொகையை ‘கட்டுவேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒழுங்கில் ஒரு தவணை தவறினாலும், வீட்டுக்காரர் மறு விசாரணை இல்லாமலே வெளியேற்றக் கட்டளை பெற வழியுண்டு. அப்படிக் கட்டளை வந்தால் அதை எதிர்க்க 10 நாட்களே உண்டு. முடியக்கூடிய தொகையைச் சொல்லிப் பேரம் பேசுவதில் வெட்கமில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தான தாள் என்-11. அது வீட்டுக்காரர் தரும் அறிவித்தல் அல்ல. இரு தரப்பும் சம்மதித்துக் குடியிருப்பை முடிக்கும் உடன்படிக்கை. ‘தம்பி, இதில ஒரு கையெழுத்துப் போடும், சும்மா ஒரு போர்மாலிற்றிதான்’ என்று நீட்டப்படும் தாள் பல நேரம் இதுதான். கையெழுத்து வைத்துவிட்டால், அந்தத் திகதியின் பின் விசாரணை இன்றியே கட்டளை வரலாம். எந்தத் தாளிலும் அதே இடத்தில் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. ‘படித்துப் பார்த்துத் தருகிறேன், அண்ணை’ என்று சொன்னால் போதும்.

வாய்ப்பேச்சில் வந்த வீடுகள்

எங்கள் குடியேற்றத்தின் கதையே வாடகையின் கதை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள் சென். ஜேம்ஸ் ரவுனின் அடுக்குமாடிகளில் ஒரு அறைக்குள் நாலைந்து பேராக இருந்தார்கள். பின்னர் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று நகர்ந்து வீடு வாங்கினார்கள். அந்த வீடுகளின் பேஸ்மென்ற்களில் அடுத்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். அகதிக் கோரிக்கையாளர், மாணவர், பிரிந்து வாழும் பெண், பிள்ளைகளோடு இருக்க முடியாத முதியவர் என்று பலர். விளம்பரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, காசாகக் கொடுத்து வாங்குகிறார்கள். தெரிந்தவர் மூலம் வந்த வீடு.

இப்படி இருப்பவர்களில் பலர் தங்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் சரியல்ல. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வாய்ப்பேச்சில் தொடங்கிய வாடகை சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதே. பேஸ்மென்ற் மாநகரசபையின் அனுமதி பெறாததாக இருந்தாலும் அந்தப் பாதுகாப்புப் போய்விடாது. வாடகைக்குப் பற்றுச்சீட்டு கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தரவேண்டும். முன்கூட்டி வாங்கக்கூடியது கடைசி மாத வாடகையும் திறப்புக்கான சிறு வைப்பும்தான். சேதத்துக்கென்று வைப்புப் பணம் கேட்க முடியாது.

ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அது எங்கள் வீடுகளுக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கும். வீட்டுக்காரர் அல்லது அவருடைய வாழ்க்கைத்துணை, பிள்ளை, பெற்றோர் அதே கட்டடத்தில் வாழ்ந்து, குடியிருப்பவர் அவர்களோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால், இந்தச் சட்டம் பொருந்தாது. மேல்மாடியில் ஒரு அறை எடுத்து, வீட்டு அக்காவின் அடுப்பிலேயே சமைப்பவர் இந்த விலக்குக்குள் வருகிறார். அவரைத் தீர்ப்பாயம் காப்பாற்றாது. பேஸ்மென்றில் தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ளவருக்கு அது காப்பு. ஆகவே அறை எடுக்கும் நாளிலேயே ‘அடுப்பு யாருடையது?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. பகிர்ந்து வாழ்பவர்கள், தங்களுக்குக் காலம் குறைவு என்று அறிந்து, முதல் மனக்கசப்பிலேயே மாற்று வழியைத் தேடத் தொடங்க வேண்டும்.

வாடகை உயர்வும் பலரை வெளியேற்றும் ஒரு வழி. 2026க்கு ஒன்ராறியோ நிர்ணயித்த உச்ச உயர்வு 2.1 வீதம். அதற்கு 90 நாள் எழுத்து அறிவித்தல் வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே உயர்த்தலாம். 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியிருப்பாகப் பாவிக்கப்பட்ட வீடுகளுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. அண்மையில் கட்டிய பேஸ்மென்ற்களில் சிலவும் இதற்குள் வரலாம். ‘300 டொலர் கூட்டித் தாங்கோ, இல்லாட்டி விடுங்கோ’ என்று வாய்மொழியாகச் சொன்னால் அது அறிவித்தல் ஆகாது.

வீட்டுக்காரரும் எம்மவரே

வீட்டுக்காரரை வில்லனாக்குவது எங்கள் நோக்கமல்ல. கனடிய மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்தது. 2023 ஜூலையில் அது 5 வீதத்தை எட்டியது. மாறும் வட்டியில் மோட்கேஜ் எடுத்த எம்மவர் பலருக்கு மாதக் கட்டணம் தாங்க முடியாததாகியது. பேஸ்மென்ற் வாடகை வராவிட்டால் அவர்களுடைய வீடே ஆட்டம் காணும்.

அந்த நெருக்கடியில்தான் ‘மகனுக்குக் கலியாணம், வீடு தேவைப்படுது’ என்ற பேச்சு வருகிறது. உண்மையாகவே மகனுக்கு வீடு தேவையென்றால் சட்டம் அதற்கு வழி தருகிறது: எழுத்தில் என்-12, குறைந்தது 60 நாள் அவகாசம், மகன் ஒரு வருடமாவது குடியிருக்கும் நல்லெண்ணம். உண்மையில் கூடிய வாடகைக்கு வேறு ஆளை வைப்பதற்காகச் சொல்லப்படும் கதையென்றால் அது குற்றம். வெளியேறிய குடியிருப்பாளர் ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தனிநபருக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 100,000 டொலர். இதை வாடகைக்கு இருப்பவர் மட்டுமல்ல, வீட்டுக்காரரும் தெரிந்திருக்க வேண்டும். சமையலறை மேசையில் பேசித் தீர்த்த விடயம் என்று நினைத்தவர், பின்னர் பெரும் தொகை கட்ட நேரலாம்.

வங்கி வீட்டைக் கைப்பற்றி விற்கும் நிலை வந்தால், பேஸ்மென்றில் இருப்பவர் அன்றே வெளியேற வேண்டியதில்லை. வாடகை உறவு தொடரும். வங்கி வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறது.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் அழைப்பு 211. மாகாணம் முழுவதற்குமான இலவச வழிகாட்டல் இலக்கம் அது. தமிழ் உட்படப் பல மொழிகளில் உரைபெயர்ப்பாளரோடு பேசலாம். எந்தத் திட்டம் உங்கள் முகவரிக்குப் பொருந்தும் என்று அங்கே சொல்வார்கள். முகவரி முக்கியம். ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே இருந்தால் ரொறன்ரோ மாநகரின் திட்டங்கள், வடக்கே மார்க்கமில் இருந்தால் யோர்க் வட்டாரத்தின் திட்டங்கள், ஏஜாக்ஸில் டூரம், பிராம்ப்டனில் பீல். வீதியின் மறுகரையில் உள்ள உறவினருக்குக் கிடைத்த உதவி உங்களுக்கு வேறு அலுவலகத்தில் கிடைக்கும்.

ரொறன்ரோவில் வாடகைப் பாக்கிக்கு ‘ரொறன்ரோ ரென்ற் பாங்க்’ உண்டு. முன்பு வட்டியில்லாக் கடனாக இருந்த இந்த உதவி, இப்போது திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமாக வழங்கப்படுகிறது. வருமான வரம்பு உண்டு. வேலை செய்து, ஒரு தடவை தடுக்கி விழுந்த குடும்பங்களுக்கானது இது. சமூக உதவியான ஒன்ராறியோ வேர்க்ஸ் அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.டி.எஸ்.பி பெறுபவர்களுக்கு ‘ஹவுசிங் ஸ்ரெபிலைசேஷன் பண்ட்’ என்ற தனி நிதி உண்டு. அதைத் தங்கள் உத்தியோகத்தர் மூலம் கேட்க வேண்டும். ஒன்ராறியோ வேர்க்ஸில் தனியாள் ஒருவருக்கு மாதம் ஆகக்கூடியது 733 டொலர்; அதில் வதிவிடத்துக்கு 390 டொலர். ஸ்காபரோவில் 390 டொலருக்கு எந்த அறை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்தத் தனி நிதியைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

சட்ட உதவிக்குச் சமூகச் சட்ட நிலையங்கள் உண்டு. ஸ்காபரோ சமூகச் சட்ட சேவை நிலையமும், தமிழ் உட்படத் தெற்காசிய மொழிகளில் உதவும் தெற்காசியச் சட்ட நிலையமும் குறைந்த வருமானம் உள்ளவர்களிடம் பணம் வாங்குவதில்லை. உங்கள் முகவரிக்குரிய நிலையத்தை லீகல் எய்ட் ஒன்ராறியோவின் 1-800-668-8258 இலக்கத்தில் அறியலாம். ரொறன்ரோ குடியிருப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் ஆலோசனை இலக்கம் 416-921-9494. விசாரணை நாளில் ‘ரெனன்ற் டியூட்டி கவுன்சில்’ எனப்படும் இலவசச் சட்ட ஆலோசகரும் உண்டு. ஆனால் விசாரணை நாள் வரை காத்திருப்பது பரீட்சை மண்டப வாசலில் புத்தகம் திறப்பது போன்றது.

வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால், தண்ணீரையோ மின்சாரத்தையோ வெட்டினால், மாகாண அரசின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவை 1-888-772-9277இல் அழைக்கலாம். பெரிய திருத்தவேலை என்று சொல்லி வெளியேற்றினால், ரொறன்ரோவில் 2025 ஜூலை 31 முதல் நடைமுறைக்கு வந்த உபவிதியின்படி வீட்டுக்காரர் மாநகர அனுமதி பெறவேண்டும், 311இல் முறையிடலாம்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: வந்த கடிதம், அது எந்த நாளில் எப்படி வந்தது என்ற குறிப்பு, வாடகை கொடுத்ததற்கான வங்கிப் பதிவு அல்லது பற்றுச்சீட்டு, வீட்டுக்காரரோடு பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள், வருமான ஆதாரம். காசாகக் கொடுத்தவர் ‘இந்த மாத வாடகை 900 டொலர் இன்று தந்தேன்’ என்று அன்றே ஒரு செய்தி அனுப்பிவைத்தால் அதுவே சாட்சி.

கதவு மூடிவிட்டால்

எல்லா முயற்சியும் தவறி வீடு போய்விட்டால், ரொறன்ரோவில் தங்குமிடத்துக்கான மைய இலக்கம் 416-338-4766. இடம் உடனே கிடைக்கும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். 2024 இலையுதிர்காலத்தில் மாநகரம் கணக்கிட்டபோது வீடற்றோர் தொகை 15,418. 2021ஐ விட இது இருமடங்குக்கும் அதிகம். 2023 கோடையில் அகதிக் கோரிக்கையாளர்கள் பீற்றர் வீதி அலுவலகத்தின் வெளியே நடைபாதையில் படுத்திருந்த படங்களை நாம் மறக்கவில்லை. பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அவர்களுக்கு முதலில் கைகொடுத்தவர்களில் கறுப்பின மக்களின் தேவாலயங்களும் இருந்தன. அகதிக் கோரிக்கையாளர்களுக்கென எப்.சி.ஜே அகதிகள் நிலையம், ரொமேரோ ஹவுஸ், சோஜேர்ன் ஹவுஸ் ஆகியவை இந்நகரில் இயங்குகின்றன.

வன்முறையிலிருந்து தப்பும் பெண்களுக்கு வேறு தங்குமிடங்கள் உள்ளன. 416-863-0511 இலக்கம் நாள் முழுவதும் இயங்குகிறது, உரைபெயர்ப்பாளர் உண்டு. வன்முறைக்கு உள்ளானவர் 28 நாள் அறிவித்தலோடு தன் வாடகை ஒப்பந்தத்தை முடிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

முதியவர்களைப் பற்றி எமக்குள் பேசுவது குறைவு. பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வந்த அம்மாவும் ஐயாவும் பிள்ளையின் வீட்டில் வாழும்போது அவர்களுக்கு வாடகைச் சட்டத்தின் காப்பு இல்லை. பெற்றோருக்கான பொறுப்பேற்பு 20 வருடம் நீடிக்கும். அந்தப் பொறுப்பை உதறிவிட்டால் அவர்கள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. சமூக உதவிக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு வழியுண்டு. முதியோர் பாதுகாப்பு இலக்கம் 1-866-299-1011.

சங்கங்கள் என்ன செய்யலாம்?

எங்கள் சமூகத்துக்கு நிதி சேர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் சேர்த்தோம். வீடமைப்பும் எங்களுக்குப் புதிதல்ல. லான்ஸ்டவுன் சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகே, வேட் அவெனியூவில் ‘தமிழ் கூட்டுறவு இல்லம்’ இன்றும் நிற்கிறது. மக்கள் தொகையிலும் வசதியிலும் இன்றைவிடச் சிறியதாக இருந்த ஒரு சமூகம், தன் ஆட்களுக்குக் கூரை வேண்டும் என்று அரசின் கூட்டுறவு வீடமைப்புத் திட்டத்தைப் பயன்படுத்தி எழுப்பியது அது.

இன்று அப்படியொரு கட்டடம் எழுப்புவது கடினம். ஆனால் குறைந்த செலவில் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும், பழைய மாணவர் சங்கமும் இரண்டு தொண்டர்களை நியமிக்கலாம். அவர்களுடைய வேலை, கடிதம் வந்தவருக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொல்வதும், சட்ட நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும், விசாரணை நாளில் பக்கத்தில் இருப்பதும். சட்ட ஆலோசனை சொல்வது அவர்களுடைய வேலையல்ல; தனியே விடாமல் இருப்பதே வேலை. கோயில்கள் அன்னதான மண்டபத்தின் சுவரில் 211ஐயும் சட்ட நிலையங்களின் பெயரையும் ஒட்டிவைக்கலாம். யாரும் பெயர் கேட்காமல் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்கள். சங்கங்களின் ஆண்டு நிதியில் ஒரு பகுதியை, ஊரில் கட்டும் மண்டபத்துக்குப் போக, இங்கே ஒரு மாத வாடகைக்குத் தட்டுப்படும் குடும்பத்துக்கான கைமாற்றாக ஒதுக்கலாம். ஒரு மாத வாடகை தவறும்போது தீர்க்கக்கூடிய பிரச்சினை, ஐந்து மாதம் கழித்து எந்த நிதிக்கும் அடங்காது.

இந்தக் கோடையில் பல சங்கங்களின் ஒன்றுகூடல்களும் பொதுக்கூட்டங்களும் வரும். நிகழ்ச்சிநிரலில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி கேளுங்கள். சட்ட நிலையங்களிலிருந்து ஒருவரை அழைத்தால் வந்து பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் சிலரின் சட்டைப்பையில் ஏற்கெனவே ஒரு என்-4 மடிக்கப்பட்டுக் கிடக்கலாம். இன்னும் சிலர் அதைக் கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இருவருக்கும் அதே பத்து நிமிடம் பயன்படும்.